இரட்டைப் பதிவு முறை: வணிகக் கணக்கு எழுதத் தொடங்குவோருக்கு

வணிகம் நடத்தும் ஒருவருக்குத் தம் கணக்கேடுகளிலிருந்து தெரிய வேண்டியவை சிலவே. இன்றைய தேதியில் தம்மிடம் என்னென்ன இருக்கின்றன, யார் யார் தமக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது, தாம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கடந்த காலப்பகுதியில் கிடைத்தது இலாபமா நட்டமா என்பவைதாம் அவை. பணம் வந்ததையும் போனதையும் மட்டும் தேதிவாரியாகக் குறித்து வரும் ஏடு, இவற்றுள் முதல் கேள்விக்கே அரைகுறையாகத்தான் விடை சொல்லும். கையிலுள்ள ரொக்கம் எவ்வளவு என்று அது காட்டும். கடனுக்கு விற்ற சரக்கின் பணம் யாரிடம் நிற்கிறது என்பதையோ, கையிலுள்ள ரொக்கத்தில் எவ்வளவு பிறருக்குச் சேர வேண்டியது என்பதையோ காட்டாது. ஆகவே கணக்குப் பதிவைக் கற்கத் தொடங்குபவர், பணம் கைமாறுவதை மட்டும் எழுதும் பழக்கத்தை விட்டு, நடந்த நிகழ்வு முழுவதையும் எழுதும் முறைக்கு வர வேண்டும். இரட்டைப் பதிவு முறை அதற்காகவே ஏற்பட்டது.

எதைப் பதிய வேண்டும்

பணமதிப்பில் அளக்கக் கூடியதாகவும், வணிகத்தின் சொத்தையோ கடனையோ மாற்றுவதாகவும் இருக்கும் எந்த நிகழ்வும் பதிவுக்குரியது. அடுத்த மாதம் வாங்கிக்கொள்வதாக ஒரு வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தால் ஏட்டில் எழுத எதுவும் இல்லை. அதுவரை ஒன்றும் மாறவில்லை. அவரே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனால் உடனே பதிவு தேவைப்படுகிறது. ஆனால் அந்தத் தொகை விற்பனை வருமானம் ஆகாது. சரக்கைக் கொடுத்து முடிக்கும் வரை அது வணிகம் அவருக்குப் பட்டிருக்கும் கடனாகவே நிற்கும். திறமையான ஊழியர் ஒருவர் வேலைக்குச் சேர்வது வணிகத்துக்கு எவ்வளவு பெரிய நன்மையாயினும் ஏட்டில் ஏறாது. அவருக்குரிய சம்பளம்தான் ஏறும். இதற்கு மாறாக, சரக்கு தீயில் எரிந்து போனால், யாரோடும் கொடுக்கல் வாங்கல் நடக்காவிட்டாலும், அந்த இழப்பைப் பதிந்தே ஆக வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கணக்கேட்டைப் பொறுத்தவரை வணிகம் வேறு, அதன் உரிமையாளர் வேறு. ஒரே ஆள் தனியாக நடத்தும் மிகச் சிறிய தொழிலாக இருந்தாலும் இந்தப் பிரிவினை உண்டு. உரிமையாளர் போட்ட பணம், வணிகம் அவருக்குத் திருப்பித் தரக் கடமைப்பட்ட தொகையாகவே எழுதப்படுகிறது. அதன் பெயர் மூலதனம். அவர் வீட்டுத் தேவைக்காகக் கல்லாவிலிருந்து எடுக்கும் பணம் வணிகத்தின் செலவு அல்ல. அது ‘எடுப்பு’ என்ற தனிக் கணக்கில் ஏறி, இறுதியில் மூலதனத்தைக் குறைக்கும். சிறு தொழில்களின் கணக்குகள் குழம்புவதற்கு முதன்மையான காரணம் கூட்டல் கழித்தல் தவறுகள் அல்ல, சொந்தப் பணமும் தொழில் பணமும் கலந்துபோவதே என்பது என் கருத்து. வங்கிக் கணக்கைத் தனியே வைத்துக்கொண்டாலே இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஒரு சமன்பாடு, பத்து நடவடிக்கைகள்

வணிகத்திடம் உள்ள ஒவ்வொரு பொருளும் யாரோ ஒருவர் கொடுத்த பணத்தில்தான் வந்திருக்கும். ஒன்று வெளியார் கொடுத்த கடன், அல்லது உரிமையாளருடைய பங்கு. இதைத்தான் ‘சொத்துகள் = பொறுப்புகள் + மூலதனம்’ என்ற சமன்பாடு சொல்கிறது. எந்த நடவடிக்கை நடந்தாலும் இந்தச் சமன்பாடு குலையாது; குலையாமல் இருக்க வேண்டுமானால், ஒரு நடவடிக்கை குறைந்தது இரண்டு இடங்களையாவது மாற்றியாக வேண்டும். இரட்டைப் பதிவின் அடிப்படை இவ்வளவே.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நாட்டு நாணயம் என்பது இங்கே பொருட்டல்ல. ஒருவர் 1,00,000 ரொக்கத்துடன் சரக்கு வாங்கி விற்கும் தொழிலைத் தொடங்குகிறார். ரொக்கம் என்ற சொத்து 1,00,000 கூடுகிறது. மூலதனமும் அதே அளவு கூடுகிறது. அதிலிருந்து 60,000 எடுத்து வங்கியில் போடுகிறார். இப்போது ஒரு சொத்து குறைந்து இன்னொரு சொத்து கூடியிருக்கிறது, மொத்தம் மாறவில்லை. 20,000 ரொக்கம் கொடுத்து அறைகலன் வாங்குகிறார். இதுவும் அதே வகை. பிறகு 30,000 மதிப்புள்ள சரக்கைக் கடனுக்கு வாங்குகிறார். பணம் அசையவே இல்லை. ஆயினும் சரக்கும் கூடியிருக்கிறது, கொடுக்க வேண்டிய கடனும் கூடியிருக்கிறது. ரொக்கம் மட்டும் எழுதும் ஏட்டில் இந்த நடவடிக்கை இடம்பெற்றே இருக்காது.

அந்த மாதத்தில் அவர் 18,000-க்கு ரொக்க விற்பனையும், 12,000-க்குக் கடன் விற்பனையும் செய்கிறார். வாடகையாக 5,000 ரொக்கம் கொடுக்கிறார். சரக்கு தந்தவருக்கு வங்கி மூலம் 20,000 செலுத்துகிறார். கடனுக்கு வாங்கியவர் 7,000-ஐ ரொக்கமாகக் கொண்டுவந்து கொடுக்கிறார். உரிமையாளர் சொந்தச் செலவுக்கு 3,000 எடுத்துக்கொள்கிறார். மொத்தம் பத்து நடவடிக்கைகள். இவற்றை எழுதும் முறையைப் பார்க்கலாம்.

பற்றும் வரவும்

ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. வீட்டுச் செலவுக் கணக்கு எழுதிப் பழகியவர் முதலில் தடுமாறும் இடம் இதுதான். பணம் வந்தால் வரவு என்று எழுதுவது அவர் வழக்கம். இங்கேயோ ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்றுப் பக்கத்தில் ஏறுகிறது. இந்தக் குழப்பம் தீர ஒரே வழி, பற்று என்றால் கெட்டது, வரவு என்றால் நல்லது என்ற எண்ணத்தை அறவே விட்டுவிடுவதுதான். அவை இரண்டு பக்கங்களின் பெயர்கள். அதற்கு மேல் பொருள் தேட வேண்டியதில்லை.

சமன்பாட்டின் இடப்பக்கத்தில் இருக்கும் சொத்துகள் கூடினால் பற்று, குறைந்தால் வரவு. வலப்பக்கத்தில் இருக்கும் பொறுப்புகளும் மூலதனமும் கூடினால் வரவு, குறைந்தால் பற்று. வருமானம் உரிமையாளரின் பங்கைக் கூட்டுவதால் அதற்கு வரவு. செலவு அந்தப் பங்கைக் குறைப்பதால் அதற்குப் பற்று. ஒரு நடவடிக்கையில் பற்று வைக்கும் மொத்தத் தொகையும் வரவு வைக்கும் மொத்தத் தொகையும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும்.

பாடநூல்கள் இதையே வேறு விதமாகவும் கற்பிக்கின்றன. கணக்குகளை ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு என மூன்றாகப் பிரித்து, பெறுபவர் கணக்கில் பற்றும் தருபவர் கணக்கில் வரவும் வைக்க வேண்டும் என்றும், உள்ளே வருவதற்குப் பற்றும் வெளியே செல்வதற்கு வரவும் வைக்க வேண்டும் என்றும், செலவுகளுக்கும் நட்டங்களுக்கும் பற்றும் வருமானங்களுக்கும் இலாபங்களுக்கும் வரவும் வைக்க வேண்டும் என்றும் மூன்று விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்வது பழைய வழக்கம். இரு வழியிலும் விடை ஒன்றே. ஆனால் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தவர், முன்பணம் போன்ற சற்றே விலகிய நிகழ்வு வந்தால் நின்றுவிடுகிறார். சமன்பாட்டைப் புரிந்துகொண்டவர் தாமே யோசித்து விடை காண்கிறார். அதனால் தொடங்குபவருக்குச் சமன்பாட்டு வழியையே நான் பரிந்துரைப்பேன்.

இதே தடுமாற்றம் வங்கி அறிக்கையைப் பார்க்கும்போது மறுபடியும் தலைதூக்கும். பணம் போட்டால் வங்கி அதை வரவு என்று காட்டுகிறது. நம் ஏட்டிலோ வங்கிக் கணக்கில் பற்று வைத்திருக்கிறோம். இதில் முரண் எதுவும் இல்லை. வங்கி அறிக்கை என்பது வங்கி தன் ஏட்டில் நம் பெயரில் வைத்திருக்கும் கணக்கின் படி. நாம் போட்ட பணம் நமக்குச் சொத்து, வங்கிக்கோ நம்மிடம் பட்ட கடன்.

சான்றுச் சீட்டிலிருந்து பேரேடு வரை

பதிவு ஏட்டில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்குகிறது. பில், இரசீது, காசோலையின் அடிக்கட்டை, வங்கி அறிக்கை என நடவடிக்கை நடந்ததற்கு ஏதேனும் ஓர் ஆவணம் இருக்க வேண்டும். இவற்றைச் சான்றுச் சீட்டுகள் என்பர். வரிசை எண் இட்டுத் தேதிப்படி கோத்து வைத்தால், ஏட்டில் உள்ள எந்தத் தொகையைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அதன் மூலத்துக்குச் சென்று பார்க்கலாம். சான்று இல்லாத சில்லறைச் செலவுக்கு, கொடுத்த நாள், காரணம், தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பொறுப்பானவர் கையெழுத்திட்டு வைப்பது வழக்கம்.

சான்றுச் சீட்டைப் பார்த்து முதலில் எழுதும் ஏடு குறிப்பேடு. நடவடிக்கைகள் நடந்த வரிசையிலேயே இதில் ஏறும். நம் உதாரணத்தின் முதல் நடவடிக்கையும் நான்காவது நடவடிக்கையும் குறிப்பேட்டில் இவ்வாறு அமையும்:

ரொக்கக் கணக்கு — பற்று 1,00,000
மூலதனக் கணக்கு — வரவு 1,00,000
(தொழில் தொடங்க உரிமையாளர் ரொக்கம் கொண்டுவந்தது)

கொள்முதல் கணக்கு — பற்று 30,000
சரக்கு தந்தவர் கணக்கு — வரவு 30,000
(கடனுக்குச் சரக்கு வாங்கியது)

அடைப்புக்குறிக்குள் இருக்கும் விளக்கக் குறிப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. எழுதும் நாளில் அது தேவையற்றதாகத் தோன்றும்; எட்டு மாதம் கழித்து அதே தொகையைப் பார்த்து ‘இது எதற்கு’ என்று கேட்பவருக்கு அந்த ஒரு வரிதான் விடை.

சரக்கு வாங்கியதைச் ‘சரக்கு’ என்ற கணக்கில் எழுதாமல் ‘கொள்முதல்’ என்று எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். சரக்கை வாங்கும் விலையும் விற்கும் விலையும் வேறு வேறாதலால், இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் மீதி நிற்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இராது. ஆகவே வாங்குவதற்குக் கொள்முதல் கணக்கு, விற்பதற்கு விற்பனைக் கணக்கு, திரும்பி வருவதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் தனித்தனிக் கணக்குகள். விற்பதற்காக அல்லாமல் பயன்படுத்துவதற்காக வாங்கிய அறைகலன் கொள்முதலில் சேராது.

குறிப்பேடு நாள் வாரியான வரலாறு. அதிலிருந்து, குறிப்பிட்ட ஒருவர் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அறிய, எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டியிருக்கும். இதற்காகத்தான் பேரேடு. பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்கம்; குறிப்பேட்டில் உள்ள ஒவ்வொரு பற்றும் வரவும் அந்தந்தக் கணக்கின் பக்கத்துக்கு எடுத்தெழுதப்படும். எடுத்தெழுதும்போது குறிப்பேட்டில் பேரேட்டுப் பக்க எண்ணையும், பேரேட்டில் குறிப்பேட்டுப் பக்க எண்ணையும் குறித்துவிட்டால், எதை எடுத்தெழுதவில்லை என்பது உடனே கண்ணில் படும்.

இந்த ஏற்பாடு புதியதல்ல. இத்தாலியின் ஜெனோவா நகர ஆட்சியின் 1340-ஆம் ஆண்டுக் கணக்குகளே இரட்டைப் பதிவில் எழுதப்பட்டிருக்கின்றன. லூக்கா பாசியோலி என்ற துறவி 1494-இல் வெனிஸில் அச்சான தம் கணித நூலின் ஒரு பகுதியில், வெனிஸ் வணிகர்கள் கையாண்டு வந்த முறையை விளக்கினார். அன்றாடக் குறிப்புக்கு ஒன்று, குறிப்பேடு ஒன்று, பேரேடு ஒன்று என மூன்று ஏடுகளை அவர் சொன்னார். இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சிலர் எழுதுவது சரியன்று. ஏற்கெனவே இருந்த முறையை அச்சில் பரப்பியதே அவர் பணி.

நடவடிக்கைகள் பெருகும்போது எல்லாவற்றையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுவது இயலாது. கடன் கொள்முதலுக்கும் கடன் விற்பனைக்கும் தனி ஏடுகளும், ரொக்கத்துக்கும் வங்கிக்கும் ரொக்க ஏடும், சிறு செலவுகளுக்குச் சில்லறை ரொக்க ஏடும் வைத்துக்கொள்வர். கணினி மென்பொருளில் இந்த ஏடுகள் திரையில் வெவ்வேறு படிவங்களாக வருகின்றன. எடுத்தெழுதும் வேலையை மென்பொருளே செய்துவிடுகிறது. எந்தக் கணக்கில் பற்று, எந்தக் கணக்கில் வரவு என்ற முடிவை மட்டும் இன்னும் மனிதர்தாம் எடுக்க வேண்டியிருக்கிறது, குறைந்தபட்சம் சரிபார்க்கவாவது வேண்டியிருக்கிறது.

இருப்பாய்வு சொல்வதும் சொல்லாததும்

மாத முடிவில் பேரேட்டின் ஒவ்வொரு கணக்குக்கும் இருப்புக் கட்டி, அதாவது இரு பக்கக் கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தைக் கண்டு, பற்று இருப்புகளை ஒரு பக்கமும் வரவு இருப்புகளை மறு பக்கமும் எழுதிக் கூட்டிப் பார்ப்பது இருப்பாய்வு. நம் உதாரணத்தில் ரொக்கம் 37,000, வங்கி 40,000, அறைகலன் 20,000, கொள்முதல் 30,000, வாடகை 5,000, எடுப்பு 3,000, கடனுக்கு வாங்கியவர் 5,000 ஆகியவை பற்று இருப்புகள். மூலதனம் 1,00,000, விற்பனை 30,000, சரக்கு தந்தவர் 10,000 ஆகியவை வரவு இருப்புகள். இரு பக்கமும் 1,40,000. புதிதாகக் கற்பவர் பத்து நடவடிக்கைகளையும் தாமே தாளில் எழுதி இந்தத் தொகை வருகிறதா என்று பார்ப்பது, இக்கட்டுரையை இருமுறை படிப்பதைவிடப் பயன் தரும்.

பக்கங்கள் ஒத்துவராவிட்டால் வித்தியாசத் தொகையையே முதலில் ஆராய வேண்டும். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கக் கூடும். 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. வித்தியாசத்தில் பாதித் தொகை ஏதேனும் கணக்கில் காணப்பட்டால், அதைத் தவறான பக்கத்தில் எழுதியிருக்கலாம். வித்தியாசத் தொகை அப்படியே ஒரு நடவடிக்கையின் தொகையாக இருந்தால், ஒரு பக்கம் எழுதி மறுபக்கம் விட்டிருக்கலாம். எவ்வளவு தேடியும் கிடைக்காதபோது அந்தத் தொகையை அனாமத்துக் கணக்கில் தற்காலிகமாக நிறுத்துவதுண்டு. அதை ஆண்டுக்கணக்கில் அங்கேயே விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள்; அது பிழையைத் தீர்ப்பதாகாது.

பக்கங்கள் ஒத்துவந்தாலும் கணக்கு சரி என்று முடிவு கட்டிவிட முடியாது. ஒரு பில்லை முற்றிலும் பதியாமல் விட்டால் இரு பக்கமும் சமமாகவே குறையும். இருப்பாய்வுக்கு அது தெரியாது. ஒருவர் செலுத்திய பணத்தை வேறொருவர் கணக்கில் வரவு வைத்தாலும் தெரியாது. அறைகலன் வாங்கியதைக் கொள்முதல் என்று எழுதினால் பக்கங்கள் ஒத்துவரும், இலாபம் மட்டும் தவறாக வரும். இவற்றைக் கண்டுபிடிக்க ஏட்டுக்கு வெளியே உள்ள ஒன்றோடு ஒப்பிட்டாக வேண்டும்: ரொக்கத்தை எண்ணிப் பார்ப்பது, சரக்கை எண்ணிப் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் நிலுவையை உறுதிசெய்வது, வங்கி அறிக்கையோடு சரிபார்ப்பது. கடைசியில் சொன்னதில் இரு இருப்புகளும் ஒரே தொகையாக இருப்பது அரிது. நாம் கொடுத்த காசோலையைப் பெற்றவர் இன்னும் வங்கியில் செலுத்தாமல் இருக்கலாம், வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறாமல் இருக்கலாம். வித்தியாசத்துக்கான காரணங்களை வரிசைப்படுத்தி இரண்டையும் இணைக்கும் பட்டியலுக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று பெயர்.

பிழை தெரிந்ததும் பழைய பதிவை அழிப்பதும் மேலே எழுதுவதும் கூடாது. தவறு இன்னது என்று குறிப்பிட்டுத் திருத்தப் பதிவு ஒன்றை எழுத வேண்டும். அழித்து எழுதிய ஏட்டில் எது பிழை, எது மோசடி என்று பின்னால் பிரித்தறிய வழியில்லை.

ரொக்கம் குறைந்தும் இலாபம்

மாத முடிவில் விற்காமல் கையிருப்பில் உள்ள சரக்கு, வாங்கிய விலைப்படி 12,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் 18,000, விற்பனை 30,000, மொத்த இலாபம் 12,000. வாடகை 5,000 போக நிகர இலாபம் 7,000. ஆனால் ரொக்கமும் வங்கியும் சேர்ந்து தொடக்கத்தில் 1,00,000 ஆக இருந்தது இப்போது 77,000 ஆகியிருக்கிறது. இலாபம் 7,000 என்று ஏடு சொல்ல, பணம் 23,000 குறைந்திருப்பதைக் கண்டு உரிமையாளர் கணக்கையே சந்தேகிக்கலாம்.

பணம் எங்கே போயிற்று என்பதற்கும் ஏட்டிலேயே விடை இருக்கிறது. 20,000 அறைகலனாக நிற்கிறது, 12,000 சரக்காக நிற்கிறது, 5,000 வாடிக்கையாளரிடம் நிற்கிறது, 3,000 உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கிறது. ஆக 40,000. அதில் 7,000 இலாபத்திலிருந்தும் 10,000 சரக்கு தந்தவரின் பொறுமையிலிருந்தும் வந்தவை. மீதி 23,000-தான் கையிலிருந்து போனது. அவர் நாளைக்கே தம் 10,000-ஐக் கேட்டால் கொடுக்க முடியுமா என்பது ரொக்கத்தைப் பற்றிய கேள்வி. தொழில் நன்றாக நடக்கிறதா என்பது இலாபத்தைப் பற்றிய கேள்வி. இலாபத்தில் ஓடும் தொழில்கூடக் கையில் பணமின்றி முடங்குவது இதனால்தான்.

இலாபத்தைச் சரியாகக் கணிக்க, பணம் கொடுத்த மாதத்தையும் செலவு உரிய மாதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதம் முடிந்தும் கொடுக்காத சம்பளம் அந்த மாதத்தின் செலவே. அதை ‘கொடுபட வேண்டிய செலவு’ என்று பொறுப்பாக எழுதுவர். ஓராண்டுக்கு முன்கூட்டியே கட்டிய காப்பீட்டில் இந்த மாதத்துக்குரிய பன்னிரண்டில் ஒரு பங்குதான் செலவு. அறைகலன் பல ஆண்டுகள் உழைக்குமாதலால் அதன் விலையை அந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டுத் தேய்மானமாக எழுதுவர். ஐந்து ஆண்டு பயன்படும், பிறகு விற்றால் எதுவும் தேறாது என்று மதிப்பிட்டால், 20,000-த்துக்கு ஆண்டுக்கு 4,000. மேலே கண்ட 7,000-இல் இந்தக் கழிவு இன்னும் செய்யப்படவில்லை. எளிமை கருதி அதை ஒதுக்கிவைத்தோம்.

காலப்பகுதி முடியும்போது விற்பனை, கொள்முதல், வாடகை போன்ற கணக்குகள் இலாப நட்டத்தைக் கணிக்கும் கணக்குகளுக்கு மாற்றப்பட்டு மூடப்படும். எடுப்புக் கணக்கு மூலதனத்தில் கழிக்கப்படும். மூலதனம் இப்போது 1,00,000-உடன் இலாபம் 7,000 கூட்டி, எடுப்பு 3,000 கழித்து, 1,04,000. சரக்கு தந்தவருக்குரிய 10,000-ஐச் சேர்த்தால் 1,14,000. மறுபக்கம் ரொக்கம், வங்கி, அறைகலன், சரக்கு, வர வேண்டிய கடன் ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 1,14,000. இதுவே இருப்புநிலைக் குறிப்பு. சொத்து, பொறுப்பு, மூலதனக் கணக்குகள் மூடப்படுவதில்லை. அவற்றின் இருப்புகள் அடுத்த காலப்பகுதியின் தொடக்கப் பதிவாக ஏட்டின் புதிய பக்கத்துக்குச் செல்லும். விற்பனையும் வாடகையும் அங்கே மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும்.